உங்களுக்குத் தெரியுமா? தமனித் தடிப்பு இருபது வயதிலேயே தொடங்கிவிடுகிறது!

★ கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துச் சோதித்தார்கள். அவர்களின் சராசரி வயது 22. உடல்தகுதித் தேர்வில் தேறி, மூட்டை சுமந்து மலையேறிய வாலிபர்கள். ஆனாலும் நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் தடம் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. இந்த ஆய்வு வெளியான ஆண்டு 1953. அதுவரை மாரடைப்பை வயசாளிகளின் நோயாகவே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

★ கொழுப்பு எங்கே படிகிறது? தண்ணீர்க் குழாய்க்குள் உப்புப் படிவதுபோல என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. எல்லாம் நடப்பது தமனியின் சுவருக்குள்ளே. தமனியின் உட்புறத்தை ஒற்றைச் செல் கனமே உள்ள ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. உயர் ரத்த அழுத்தமும் புகையும் ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையும் அந்தப் படலத்தைக் கெடுக்கின்றன. கெட்டுப்போன இடத்தில் எல்.டி.எல். என்ற கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்கி அப்புறப்படுத்த வெள்ளை அணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி, வெளியேற முடியாமல் அங்கேயே மடிகின்றன. மேலே நார்த்திசு மூடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கால்சியமும் வந்து சேர, வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த தமனி விறைத்துப்போகிறது.

★ இத்தனை நடந்தும் ஏன் ஒரு வலியும் தெரிவதில்லை? சிகாகோ மருத்துவர் சீமோர் கிளாகோவ் 1987-ல் இதற்கு விடை சொன்னார். படிவு வளர வளர, தமனி வெளிப்பக்கமாக விரிந்து அதற்கு இடம் கொடுக்கிறது. ஏறத்தாழ 40 சதவீத இடத்தைப் படிவு பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் வழி குறுகுவதே இல்லை. படியேறினால் மூச்சு வாங்காது, நெஞ்சு வலிக்காது. ‘எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று நாற்பது வயதுக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் சொல்வதை வைத்து அவருடைய தமனியைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது.

★ “போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார், நார்மல்னு சொன்னாங்களே!” சாவு வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. டிரெட்மில் சோதனை கண்டுபிடிப்பது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குறுகிப்போன தமனியை. மாரடைப்பை உண்டாக்கும் படிவுகளோ பல நேரம் பாதி வழியைக்கூட அடைத்திருப்பதில்லை. அளவில் சிறியது, ஆனால் மேல்மூடி மெலிந்து அழற்சியோடு இருப்பது. அதுதான் ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் நிமிடக் கணக்கில் ரத்தம் உறைந்து வழி முழுதும் அடைபடுகிறது. அதனால்தான் ‘எத்தனை சதவீத அடைப்பு’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியடைவதோ கலங்குவதோ சரியல்ல.

★ நவீன வாழ்க்கை தந்த நோய் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. எகிப்து, பெரு, அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த 137 மம்மிகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமனித் தடிப்பின் அடையாளம் இருந்தது. கி.மு. 1550-ஐ ஒட்டி வாழ்ந்த எகிப்திய இளவரசி அமோஸ் மெரியத் அமோனின் இதயத் தமனிகளிலும் கால்சியம் படிந்திருந்தது. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய ‘பனி மனிதன்’ ஓட்ஸியின் உடலிலும் அதே கதை. மலையில் நடந்தே திரிந்த ஒல்லி மனிதர் அவர். மரபணுக்களைப் படித்தபோது இதய நோய்க்கான பரம்பரை நாட்டம் அவருக்கு இருந்தது தெரியவந்தது.

★ இதற்கு மறுபக்கமும் உண்டு. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே பழங்குடியினர் 705 பேரின் இதயங்களை ஸ்கேன் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. எல்லோரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். 85 சதவீதத்தினரின் இதயத் தமனியில் கால்சியமே இல்லை! எண்பது வயது சிமானே முதியவரின் தமனி, ஐம்பதுகளின் நடுவில் இருக்கும் அமெரிக்கரின் தமனிக்குச் சமம். ஆண்கள் நாளுக்கு ஆறேழு மணி நேரம் வேட்டை, மீன்பிடிப்பு, பயிர்வேலை என்று உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எல்.டி.எல். சராசரியாக 90-ஐ ஒட்டித்தான். புகை அரிது. உலகில் இதுவரை அளந்து பார்த்தவற்றில் மிகச் சுத்தமான தமனிகள் இவர்களுடையவைதான்.

★ அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 188/105 இருந்தும் வயதுக்கு அது இயல்பு என்றே விட்டிருந்தார்கள். அந்தக் காலத்து மருத்துவம் அவ்வளவுதான் அறிந்திருந்தது. அவர் மறைந்து மூன்றாண்டுகளில், 1948-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரை ஆண்டாண்டாகப் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. பிரஷரும் கொலஸ்ட்ராலும் புகையும் மாரடைப்புக்கான ஆபத்துக் காரணிகள் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுவதெல்லாம் அந்த ஊர் மக்கள் தந்த அறிவு. அவர்களின் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஆய்வு தொடர்ந்திருக்கிறது.

★ ‘எல்லாம் தலையெழுத்து’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்து 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்பு வந்த ஏறத்தாழ 15,000 பேரை, அதே அளவு நலமானவர்களோடு ஒப்பிட்டார்கள். புகை, கொழுப்புக் கோளாறு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மது. இந்த ஒன்பதுமே மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை விளக்கிவிட்டன. நாடு மாறினாலும் கதை மாறவில்லை.

அதே ஆய்வில் நம்மைக் கவலைப்பட வைக்கும் செய்தியும் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. பிள்ளைகள் படிப்பு முடிந்து, வீட்டுக் கடன் அடைபடும் வயதில் நம் குடும்பங்களில் இது விழுகிறது.

★ இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றளவு எடுக்க வேண்டும். இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. பேன்ட் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

★ லைப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு கொழுப்புத் துகள் உண்டு. நார்வே நாட்டு கோரே பெர்க் 1963-ல் கண்டுபிடித்தார். அளவு பெரும்பாலும் மரபணுவில் எழுதப்பட்டது. நடைப்பயிற்சியோ பத்தியமோ அதைப் பெரிதாக அசைக்காது. வழக்கமான கொலஸ்ட்ரால் சோதனையில் இது தெரியாது. தெற்காசியரில் நான்கில் ஒருவருக்கு இது கூடுதலாக இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், ஆயுளில் ஒருமுறை இந்தச் சோதனையை எடுத்துவிடுவது நல்லது. அது கூடுதல் என்று தெரிந்தால், மாற்ற முடிந்த மற்றவற்றை இன்னும் கறாராகக் கட்டுக்குள் வைக்கலாம்.

★ லண்டன் மாடி பஸ்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே சம்பள வர்க்கம், ஒரே ஊர், ஒரே சாப்பாடு. டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளுக்கு ஐந்நூறுக்கும் மேல் படி ஏறி இறங்குவார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் கணக்கெடுத்துப் பார்த்தால், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உயிரிழப்பு குறைவு. ‘டிரைவர்கள் முதலிலேயே குண்டாக இருந்திருப்பார்கள்’ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. மாரிஸ் குழு சீருடைத் தையல் பதிவேட்டை எடுத்து இடுப்பளவுகளைப் பார்த்தது. டிரைவர்கள் பருமன்தான், ஆனாலும் ஒல்லி டிரைவருக்குக்கூட கண்டக்டரைவிட ஆபத்து அதிகமாகவே இருந்தது.

★ ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எண்ணெய் பாக்கெட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு எவ்வளவு என்பதை. தேங்காய் எண்ணெயில் அது 90 சதவீதத்தை ஒட்டி. பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. நிறைகொழுப்பு கூடினால் ரத்தத்தில் எல்.டி.எல். கூடும். ரேஷனில் பாமாயில் வாங்குகிற குடும்பங்களிடம் போய் விலை கூடிய எண்ணெய் வாங்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. எந்த எண்ணெயானாலும் அளவைக் குறைக்கலாம்; ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்பது உணவியலாளர்கள் சொல்லும் கணக்கு. நான்கு பேர் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் போகிறது என்று இந்த மாதம் எழுதிப் பாருங்கள்.

★ பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சிதைவுப் பொருட்கள் சேர்கின்றன. அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் சட்டம். வீட்டில்? அப்பளம் பொரித்த எண்ணெயை வடைக்கும், வடை சுட்ட எண்ணெயைத் தாளிப்புக்கும் வைத்துக்கொள்ளும் சிக்கனத்தை விட்டுவிட வேண்டும்.

★ டால்டா என்று நாம் பொதுவாகச் சொல்லும் வனஸ்பதி வகைகளில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு, எல்.டி.எல்.-ஐ ஏற்றி நல்ல கொழுப்பையும் இறக்கும். டென்மார்க் 2003-ல் முதலில் கட்டுப்பாடு போட்டது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் வந்தது. நல்ல சட்டம், தாமதமாக வந்த சட்டம்.

★ முட்டை மஞ்சள் கரு ஒன்றில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். ஆனால் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நம் ஈரலே தயாரிப்பது. சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லாதவர் தினம் ஒரு முட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை. கூடவே வரும் பரோட்டாவுக்குத்தான் பயப்பட வேண்டும்.

★ ‘ஒண்ணே ஒண்ணுதானே’ என்று தினம் ஒரு சிகரெட்டோடு நிறுத்திக்கொண்டவர்கள், இருபது குடிப்பவரின் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் தங்களுக்கு என்று நம்புகிறார்கள். 2018-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொன்னது: இதய நோய்க்குக் கூடும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறது. பீடிக்கும் விலக்கு கிடையாது. முழுக்க விட்டவருக்கு நல்ல செய்தி உண்டு: ஓராண்டுக்குள் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது.

★ தமனித் தடிப்பு இதயத்தில் மட்டும் வருவதில்லை. கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? அது ‘வயசாகிட்டா வர்ற கால்வலி’ இல்லாமல் காலுக்குப் போகும் தமனியின் குறுக்கமாக இருக்கலாம். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவும் ஒரு முன்னறிவிப்பு. ஆணுறுப்புக்குப் போகும் தமனிகள் இதயத் தமனியைவிடக் குறுகலானவை; அதனால் நோய் அங்கே முதலில் தெரிகிறது. நெஞ்சுவலிக்கு மூன்று முதல் ஐந்தாண்டு முன்பே தெரிந்தவர்கள் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு விளம்பர லேகியங்களைத் தேடிப் போகிறவர்கள், முதலில் பிரஷர், சுகர், கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

★ கண் இமையில் மஞ்சள் நிறத்தில் தட்டையான படிவு, குதிகால் தசைநாணில் கெட்டியான புடைப்பு. இளம் வயதில் இவை தெரிந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கக்கூடும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது. எல்.டி.எல்.-ஐ ரத்தத்திலிருந்து உறிஞ்சும் ஏற்பிகள் இவர்களுக்குக் குறைவு. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

★ மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது உண்மை. சர்க்கரை நோய் வந்துவிட்டால் அந்தச் சலுகை பெருமளவு போய்விடும் என்பதும் உண்மை. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வாய்ப்பு கூடுதல். பிள்ளை பிறந்ததும் கர்ப்ப கால மருத்துவச் சீட்டை மூட்டை கட்டிப் போட்டுவிடுகிறோம். பிறகு எந்த மருத்துவரிடமும் அதைச் சொல்வதில்லை. சொல்லுங்கள்.

★ கொழுப்பைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரையின் மூலம் ஒரு பூஞ்சை! ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1971 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைச் சலித்தார். கியோட்டோ தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சை 1973-ல் விடை தந்தது. எலிக்குக் கொடுத்தார்கள், கொழுப்பு குறையவில்லை. கைவிட வேண்டிய நிலை. ‘முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருந்தால் கோழியின் ரத்தத்திலும் நிறைய இருக்க வேண்டுமே’ என்று யோசித்து, சக விஞ்ஞானி வளர்த்த முட்டைக் கோழிகளுக்குக் கொடுத்தார், சட்டென்று இறங்கியது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயுள்ள 4,444 பேரிடம் இந்த வகை மருந்தொன்று மரணங்களை 30 சதவீதம் குறைத்தது. எண்டோ 2024-ல் தன் 90-வது வயதில் காலமானார். நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

‘கொலஸ்ட்ரால் நார்மலாயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்’ என்பவர்கள் கவனிக்க: நார்மலானது மாத்திரையால். நிறுத்திய சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். தசைவலி போன்ற தொந்தரவு வந்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

★ பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் வினிகர், தேன் கலந்து காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரைந்து பைபாஸே வேண்டாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. பூண்டும் இஞ்சியும் சமையலுக்கு நல்லவை. நார்த்திசுவும் கால்சியமும் சேர்ந்து இறுகிய படிவைக் கரைக்கும் என்பதற்குச் சான்றே இல்லை. சக்தி வாய்ந்த ஸ்டேட்டினை இரண்டு ஆண்டு கொடுத்து தமனிக்குள் அல்ட்ராசவுண்ட் விட்டு அளந்தபோதே படிவின் கனஅளவு ஏழு சதவீதத்தை ஒட்டித்தான் குறைந்தது. மருந்தின் பெரிய பலன், படிவின் மூடியை வலுப்படுத்தி வெடிக்காமல் காப்பது. அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அதை நம்பி மாத்திரையை விடுகிற ஒருவர் உங்கள் உறவினராகவும் இருக்கலாம்.

★ ஒரு மாவட்டமே திருந்த முடியுமா? பின்லாந்தின் வடக்கு கரேலியா திருந்திக் காட்டியது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பில் இறந்த விகிதம் உலகிலேயே மிக அதிகம். மரம் வெட்டும் பலசாலிகள்தான். ஆனால் ரொட்டிமேல் கனமாக வெண்ணெய், கொழுப்பெடுக்காத பால், எதிலும் உப்பு, போதாததற்குப் புகை. மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. மருத்துவமனை கட்டுவதில் அவர்கள் இறங்கவில்லை. இல்லத்தரசிகள் சங்கங்களைப் பிடித்துக் காய்கறிச் சமையல் விருந்து நடத்தினார்கள். சாசேஜ் தயாரிப்பவர்களிடம் பேசி, கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்க வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் சிலரை பெர்ரிப் பழச் சாகுபடிக்குத் திருப்பினார்கள். எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று ஊருக்கு ஊர் போட்டி வைத்தார்கள்! நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களை நினைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். எண்ணெயையும் உப்பையும் குறைக்கும் சமையலை ஓர் ஊரே கற்றுக்கொள்ள நம்மிடமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

★ இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-ல் நம் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். பைபாஸும் ஸ்டென்டும் அடைபட்ட இடத்துக்கு வழி செய்கின்றன. மற்ற தமனிகளில் நோய் அப்படியே இருக்கிறது. ‘ஸ்டென்ட் வச்சாச்சு, இனி கவலையில்லை’ என்று பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறவர்கள் மறுபடி அதே வார்டுக்கு வருகிறார்கள்.

★ நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. இவை வந்தால் வாயு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், திடீர்ச் சோர்வு மட்டும் வரலாம். தமனி முழுதும் அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள் இதயத் தசை மடியத் தொடங்குகிறது. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் பலருக்கு இன்னும் இது தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்ப வேண்டாம். 108-ஐ அழையுங்கள், எந்த நேரமானாலும், சந்தேகமாக இருந்தாலும்.